யாருடைய குழாய்?

ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் குழாய், மல்லிகை பயிரிடும் ஒச்சப்பனின் தோட்டத்தருகே உடைந்து, அவர் கிணற்றில் கழிவுநீர் ஊறியது. நகராட்சிக்கு ஓடினார். "அது குடிநீர் வடிகால் வாரியம் போட்ட குழாய்," என்றார் ஆணையர். வாரியத்துக்கு ஓடினார். "நகராட்சிகிட்ட ஒப்படைச்சு வருஷமாச்சே," என்றார்கள். திரும்பி வந்தவரிடம் ஆணையர், "குழாய் யாரோடதுன்னு நிரூபிச்சுட்டு வாய்யா, அப்புறம் பேசலாம்," என்று கையை ஆட்டி அனுப்பினார்.

அலைச்சலிலேயே ஆறு மாதம் போனது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள். அப்படியும் அவர் மனைவி பெருமாயி மஞ்சள்காமாலையில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டாள்.

காரியம் முடிந்த திங்கட்கிழமை, குறைதீர் கூட்டத்தில் ஒச்சப்பன் ஒரு மனு கொடுத்தார். கலெக்டர் உரக்க வாசித்தார்: "சொந்தக்காரர் இல்லாத அந்தக் குழாயை நாளைக் காலை சிமென்ட் வைத்து அடைக்க அனுமதி வேண்டும்."

ஆணையர் துள்ளி எழுந்தார். "அடைச்சா சாக்கடை பூரா வீடுகளுக்குள்ள திரும்பிடும் சார்! நகராட்சிக் குழாயில கைவைக்க இவன் யாரு?"

"யார் குழாய்னு சொன்னீங்க ஐயா?" என்றார் ஒச்சப்பன் பணிவாக.

கூட்டம் சிரித்தது. கலெக்டர் சிரிக்கவில்லை. ஆணையர் சொன்னதை அப்படியே மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்கே நாளில் புதுக் குழாய் வந்தது.

"ஆணையர் வாயாலேயே சொல்ல வச்சுட்டியேப்பா!" என்று டீக்கடையில் தோளைத் தட்டினார்கள்.

"மூணு வரி மனு," என்றார் ஒச்சப்பன். "அவ உசுரோட இருந்தப்ப எனக்குத் தோணலையே."

டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.