கீறல் படாத மீட்டர்

வயிறு வலிக்கச் சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. இப்போதே கேட்டால் தர மாட்டேன். முதலில் அருமைநாயகம் அண்ணாச்சி தன் மீட்டருக்குக் குல்லா மாட்டி முடிக்கட்டும்.

அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடியில் லாரி ஓட்டியவர். லாரி போன பிறகு யாரும் வேலை தரவில்லை. கடலடியில் சிக்கிய வலைகளை அறுத்தெடுக்கும் குழு ஒன்றுதான், “முங்கப் படிச்சிட்டு வாங்க, வேலை தர்றோம்” என்றது.

நான் இருந்த பேட்சில் படிக்க வந்தார். குருவுக்கு இருபத்தெட்டு வயது. ஜெனோவா டீச்சர்.

முதல் வாரமே அண்ணாச்சி ஒரு மீட்டரை உடைத்தார். முதுகுச் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் வட்ட மீட்டர் அது. ரப்பர் குழாயின் நுனியில் இருக்கும். அதை நெஞ்சோடு க்ளிப்பில் மாட்டாமல், தொங்கவிட்டபடியே பயிற்சிக் குளத்துப் படியேறினார். டங்!

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

“டீச்சர், ஒரு அடி படாம, ஒரு கீறல் விழாம இதைக் காப்பாத்த என்ன வழி?”

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு மீட்டர், கடையில் வாங்கிய அன்று போல மின்னியது.

“இதை வச்சிருந்தவர் நாலு வருஷமா ரப்பர் உறையைக் கழட்டவே இல்ல.”

“ஆத்தாடி! மனுஷன்னா அவர்தான் டீச்சர் மனுஷன்.”

“சாயங்காலம் டெஸ்ட்டுக்கு இதையே மாட்டுங்க. சரியா செஞ்சா நாளைக்குப் படகு.”

“செய்யாட்டி?”

“அடுத்த பேட்ச் தை மாசம்.”

“தை வரைக்கும் எம்பொஞ்சாதி அடுப்புல எதைப் போட்டு எரிப்பா?”

டீச்சர் அலமாரியைச் சாத்தினார்.

அண்ணாச்சி வீட்டில் டிவி ரிமோட்டுக்கு இன்றும் பாலிதீன் உறை உண்டு. லாரியை விற்றபோது சீட்டின் மேல் கம்பெனிக் கவர் கிழியாமல் இருந்ததாம். அந்தக் கைதான் வேலையைத் தொடங்கியது. ரப்பர் உறைக்கு மேல் பேரனின் கம்பளிக் குல்லா. குல்லாவுக்கு மேல் இரண்டு சுற்று பாலிதீன். கண்ணாடி தெரிய ஒரு சின்ன ஜன்னல். எல்லாவற்றையும் பிடிக்க ரப்பர் பேண்டு.

காற்று நிரப்பும் மிக்கேல் எட்டிப் பார்த்தார். மூக்கால்தான் பேசுவார். “எங்ங அண்ணாச்சி, புள்ளைக்குச் சளியா?”

“போலே அங்கிட்டு. கண்ணு வைக்காத.”

சிரித்துவிட்டீர்களா? இது இல்லை. பொறுங்கள்.

சாயங்காலம் குளத்தில் முழங்கால் தண்ணீர். அண்ணாச்சி மண்டியிட்டார். டீச்சர் ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி குழாய்களை மாட்டினார். காற்றைத் திறக்கும்போது மீட்டரின் கண்ணாடி முகத்துக்கு எதிரே இருக்கக் கூடாது என்பது பாடம். அவர் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திறந்தார்.

“காத்து எவ்வளவு?”

ஜன்னல் வழியே ஒரு நொடி பார்த்தார். “இருநூறு, டீச்சர். ஃபுல்லு!”

“கீறல்?”

“ஒண்ணு கிடையாது!”

“முங்குங்க.”

அண்ணாச்சி வாயில் குழாயைக் கவ்வி முங்கினார். அடுத்த நொடியே முங்கிய வேகத்தில் எழுந்தார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன.

“லே மிக்கேலு! காத்தடிக்காம சிலிண்டர் குடுத்திருக்கியே, என்னைக் கொல்லவா பாக்க?”

“காலி சிலிண்டர்னுதாங்ங டீச்சர் கேட்டாங்ங!”

“காலியா? மீட்டரு இருநூறு காட்டுதுல!”

டீச்சர் தண்ணீருக்குள் இறங்கினார். அண்ணாச்சியின் மீட்டரைச் சிலிண்டரிலிருந்து கழற்றி அவர் இடது கையில் வைத்தார். பிறகு தன் மீட்டரை எடுத்தார். அதன் கண்ணாடி முழுக்கக் கீறல். ரப்பர் உறையை உரித்து, அடியில் வெள்ளையாய்ப் பூத்திருந்த உப்பைப் படியோரத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அதை அவர் வலது கையில் வைத்தார்.

“எவ்வளவு காட்டுது?”

அண்ணாச்சி கீறல்களுக்கு நடுவே வெளிச்சத்தைப் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

“ஜீரோ, டீச்சர். எதுலயும் மாட்டலியே.”

“அந்தக் கையில?”

பாலிதீனைக் கிழித்தார். குல்லாவை உருவினார். குழாயின் வெறும் நுனியைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். முள் அசையவில்லை. நாலு வருஷ உப்பு அதை இருநூறிலேயே பிடித்து வைத்திருந்தது.

அண்ணாச்சியின் தொப்பைதான் முதலில் குலுங்கியது. சிரிப்பு பிறகு வந்தது. மிக்கேல் சிரித்தார், நான் சிரித்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்தவர் அண்ணாச்சி ஒருவர்தான்.

“டீச்சர்... இது எப்பலேருந்து இருநூறு?”

“பெட்டியில இருக்கும்போதே இருநூறுதான், அண்ணாச்சி. இனிமே மாட்டுறதுக்கு முன்னாடியே பாத்துருவீங்க. காலையில ஆறு மணிக்குப் படகு.”