வித்துவானின் நாலு ஓலை

கொற்றியூர் ராஜா பேரருளாளருக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் வந்தது. நாட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் நாடே தெரியவில்லை! ஆறு எங்கே, எல்லை எங்கே, வரி எதற்கு, ஊர்ச்சபை எப்படிக் கூடுகிறது, இதையெல்லாம் சொல்லித்தர வாத்தியார்கள் வேண்டும். அவர்களைப் பழக்க ஆற்றுக்கு அக்கரையில் பயிற்சிச் சாலையும் கட்டியாயிற்று.

நல்ல காரியம் நடந்தால் குறுக்கே ஒருவன் வந்து உட்காருவான் இல்லையா? தலைமை வித்துவான் தாண்டவராயர் உட்கார்ந்தார்.

"பயிற்சிக்கு முன்னால் முன்படிப்பு வேண்டும் அரசே! வரலாறு, பூகோளம், நீதி, வாணிபம். நாலிலும் தேறியதற்கு ஓலை காட்டுகிறவனைத்தான் உள்ளே விட வேண்டும்."

ராஜா தலையாட்டிவிட்டார். அந்த ஓலை எங்கே கிடைக்கும்? வித்துவான் வீட்டில்தான்!

கழுதைமேல் உப்பேற்றி ஊர் ஊராக விற்கும் ஒச்சம்மாள், வாத்தியாராகப் பழக வேண்டும் என்று சபையில் வந்து நின்றாள். பயிற்சிச் சாலையில் மீதி இருந்தது ஒரே ஓர் இடம்.

"பூகோள ஓலை எங்கே?" என்றார் வித்துவான்.

"ஓலை இல்லீங்க. ஆனா இந்த நாட்டுல நான் இறங்காத ஆறு இல்லீங்க."

"ஆற்றில் எருமைகூடத்தான் இறங்குகிறது. நீ படித்தாயா?"

சபை கொல்லென்று சிரித்தது. "நாளைக்குச் சாலை திறக்கிற முகூர்த்தத்துக்குள் நாலு ஓலையோடு வா. இல்லாவிட்டால் அந்த இடம் என் மருமகனுக்கு!"

மந்திரி சடைமாயன் மட்டும் சிரிக்கவில்லை. "வித்துவான் சொல்வது சரிதான் அரசே. நாளை ஆற்றைத் தாண்டிச் சாலைக்குப் போக அவரும் மருமகனுமே நமக்கு வழிகாட்டட்டும்" என்றான். வெளியே போன ஒச்சம்மாளிடம், "விடிந்ததும் கழுதைகளோடு எங்கள் பின்னால் வா" என்று காதில் போட்டுவைத்தான்.

மறுநாள் மாமனும் மருமகனும் நாட்டின் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். குருவின் படத்தைச் சீடன் பார்த்து எழுதி, அதை அவன் சீடன் பார்த்து எழுதி, நாலு தலைமுறையாக வந்த படம். அதில் ஆற்றைக் கடக்கும் துறை என்று போட்டிருந்த இடத்தில் போய்ப் பார்த்தால், யானையை விழுங்கும் மடு!

"என்னய்யா இது? முகூர்த்தம் தப்பப்போகிறது!" ராஜாவின் மீசை துடித்தது.

"படம் சரியாகத்தான் இருக்கிறது அரசே," என்றார் வித்துவான் அசராமல். "ஆறுதான் தவறாக ஓடுகிறது."

சடைமாயன் கையைத் தட்டினான். ஒச்சம்மாள் முன்னால் வந்து தண்ணீரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இங்க வேணாம் சாமி. அந்த நாணல் பக்கமா வாங்க. முழங்கால் தண்ணிதான்."

ராஜா கடந்தார். பரிவாரம் கடந்தது. வித்துவானும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனார்.

"நில்லுமையா!" நடு ஆற்றிலிருந்து சடைமாயன் கத்தினான். "ஓலை இல்லாதவள் காட்டுகிற வழி அது! அதில் நீர் கால் வைத்தால் உம்முடைய விதி என்ன ஆவது?"

தூக்கிய வேட்டி தூக்கியபடி நின்றார் வித்துவான். அக்கரையில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த இடம் ஒச்சம்மாளுக்கு!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

மேளம் முழங்கியது. இக்கரையில் வெயிலில் காய்ந்த வித்துவான் அக்கரையைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மா ஒச்சம்மா! இந்த ஆற்றைத் தாண்ட முன்படிப்பு எத்தனை நாள் ஆகும்?"

ஒச்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கு இருபது வருசம் ஆச்சுங்க. நீங்க படிச்சவங்க. பத்தொன்பதுலயே முடிச்சிடுவீங்க!"