குனிந்து தூக்கிய பல்லக்கு

கரிசல்பட்டி ஜமீன்தாருக்கு ஒருநாள் மரியாதைப் பசி எடுத்தது. தன் முன்னால் யாரும் நிமிரக் கூடாது, மீறினால் வேலை போகும் என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் பல்லக்கில் சந்தைக்குக் கிளம்பினார். பின்னால் தூக்கியவர்கள் அவர் முன்னால் இல்லை என்பதால் நிமிர்ந்தே நடந்தார்கள். முன்னால் தூக்கிய சுடலைமுத்துவும் கூட்டாளியும் உத்தரவுப்படி முதுகை வளைத்துக்கொண்டார்கள். பல்லக்கு சரிந்தது. சந்தை நடுவே ஜமீன்தார் சறுக்கிவந்து கத்தரிக்காய்க் குவியலில் விழுந்தார்.

"நிமிர்ந்து நடந்து தொலைங்கடா!"

"இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தோம், எஜமான்," என்றான் சுடலைமுத்து. "நாங்க நிமிர்ந்தாத்தானே நீங்க உசரத்துல இருக்க முடியும்?"

சந்தையே சிரித்தது. கடைசியில் ஜமீன்தாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உத்தரவு அங்கேயே ரத்தானது.

திரும்பும்போது, "ஏறிக்கட்டுமா, சுடலைமுத்து?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பல்லக்கில் கால் வைத்தார்.