அரசர் அளந்த அரண்மனை

முன்னொரு சமயம், ஒரு நாட்டு அரசரின் சபைக்குக் கடல்வணிகன் ஒருவன் வந்தான். சீனத்து அரண்மனையில் அறைகள் ஆயிரக்கணக்கில் என்றான். பிரெஞ்சு ராஜாவுக்குச் சுவரெல்லாம் கண்ணாடி பதித்த கூடமே உண்டு என்றான். அரசருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்படியானால் உலகிலேயே பெரிய அரண்மனை எது?"

அமைச்சர் சடகோபர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். விகடகவி ஏகாம்பரத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அரசே, ஏகாம்பரத்தை அனுப்புங்கள். எல்லா அரண்மனைகளையும் அளந்து, நம்முடையதே பெரியது என்று நிரூபிக்கட்டும். அதுவரை இந்த மண்ணை மிதிக்கக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

ஏகாம்பரம் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆயுளுக்கும் ஊர் திரும்ப முடியாதே! ஆனாலும் கைகூப்பினார்.

"உத்தரவு, அரசே. நம் நாட்டுச் சட்டப்படி ஓர் அடி என்பது தங்கள் திருப்பாதத்தின் நீளம். நான் அளக்கப் போனால் பாதமும் கூட வரவேண்டும்."

"கப்பலிலா? எனக்குக் குமட்டுமே!"

"முதலில் நம் அரண்மனையை அளப்போம். மற்றதைப் பிறகு பார்க்கலாம்."

அரசர் அடிமேல் அடி வைத்து நடந்தார். ஏகாம்பரம் எண்ணிக்கொண்டே பின்னால் போனார். மூன்றாம் நாள் அரண்மனையின் மேற்குப் பகுதியை நெருங்கியதும் சடகோபர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"வேண்டாம் அரசே! பாழடைந்த இடம். பாம்பு நடமாடுகிறது."

"பாம்பு இருந்தாலும் அரண்மனைதானே, அமைச்சரே?" என்று ஏகாம்பரம் கதவைத் தள்ளினார்.

உள்ளே தாளிப்பு மணத்தது. கொடியில் சேலைகள் காய்ந்தன. ஊஞ்சலில் படுத்திருந்த தடித்த மனிதர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"யாருய்யா அது? கதவைச் சாத்து, வெயில் அடிக்குது!"

"நீர் யார்?" என்றார் அரசர்.

"அமைச்சரோட மச்சினன். பதினோரு வருஷமா குடும்பத்தோட இங்கதான் இருக்கேன். நீ புதுசா வேலைக்குச் சேர்ந்தவனா?"

சடகோபர் கதவு மறைவில் ஒதுங்கினார். அரசரின் மீசை துடித்தது. ஏகாம்பரம் சட்டென்று முன்னால் வந்தார்.

"அரசே, அளந்தது போதும், வெற்றி நமக்கே! ஒரு மச்சினன் பெண்டு பிள்ளைகளோடு பதினோரு வருஷம் குடியிருந்தும் ராஜா கண்ணில் படவில்லை. இதைவிடப் பெரிய அரண்மனை எந்தத் தேசத்தில் இருக்கும்?"

அரசர் ஒரு கணம் திகைத்தார். பிறகு ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டு, மேற்குப் பகுதியையும் அவருக்கே எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை அமைச்சர் பதவியிழந்த சடகோபர் மச்சினனின் மூட்டைகளைத் தலையில் சுமந்து கோட்டை வாசலைத் தாண்டினார். ஏகாம்பரமோ, ஊஞ்சலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.