தேன் பீரும் பித்தளைப் படிக்கமும்

“இதுல தேன் இல்லீங்க மதாம்” என்றார் போஜன்.

மதாம் ஒதீல் ஜன்னலோரம் நின்று கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நல்லா பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க. பழுப்பு நிறம் சரி. நுரை சரி. வறுத்த தானிய வாசம் இருக்கு. தேன் மட்டும் இல்ல. பாட்டில்ல தேனீ படம் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.”

“அப்போ என்ன எழுதட்டும்?”

போஜன் டம்ளரை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார்.

புதுச்சேரியில், கடலுக்குக் கொஞ்சம் தள்ளிய ஒரு மாடி வீட்டில், பீரை ருசி பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கற்றுக்கொடுக்கிறார் ஒதீல். சிரிக்காதீர்கள். அதற்கும் படிப்பு உண்டு, அதற்கும் தோற்றுப்போகிறவர்கள் உண்டு. மாணவர்கள் அவரை மதாம் என்பார்கள்.

மாணவர்களிலேயே வயதில் மூத்தவர் போஜன். மதாமைவிடவும் மூத்தவர். குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொன்னவர். அவர் உதட்டைப் பிதுக்கினால் ஒரு தோட்டமே வாடிப்போகும் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு நாக்கு சும்மா கிடப்பது பொறுக்காமல் மலையிறங்கி வந்துவிட்டார்.

முதல் நாள் பீரை டீ மாதிரி ‘சர்ர்’ என்று உறிஞ்சினார். நுரை மூக்கு வழியாக வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதாம் மட்டும் சிரிக்காமல் ஒரு துண்டை நீட்டினார். பிறகு, “டீ சொல்லட்டுமா சார்?” என்று கேட்டார்.

“நான் டீ குடிக்கிறதில்லீங்க மதாம். பாக்கிறதோட சரி” என்றார் போஜன், சற்றுப் பெருமையாகவே.

அவர் சொன்னது உண்மை. நாக்கில் உருட்டுவார், துப்புவார், தரம் சொல்வார். தொண்டைக்குக் கீழே விட்டதில்லை. ஒரு நாளில் அத்தனை கோப்பை பார்க்கிறவன் எல்லாவற்றையும் விழுங்கினால் வயிறு என்னாவது? இங்கே வரும்போதும் கையோடு ஒரு பித்தளைப் படிக்கத்தைக் கொண்டுவந்தார். துலக்கித் துலக்கிப் பொன்னாக்கி வைத்திருந்தார். எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் அது இருக்கும். ருசி பார்த்ததும் அதில் துப்புவார்.

மதாம் அதைப் பார்த்தார்.

இப்போது மேஜையில் இருந்த பீர் தேசிங்கு என்பவருடையது. ஊருக்கு வெளியே சின்னதாக ஓர் ஆலை வைத்திருக்கிறார். இந்தத் தேன் போட்ட பழுப்பு லாகர் பீர்தான் அவருடைய முதல் சரக்கு. விலை மலிவு. மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனும் ரெண்டாவது யோசனை இல்லாமல் வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மதாம் வீட்டிலிருந்து ‘தேன் இருக்கிறது’ என்று சொல் வந்தால் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ‘இல்லை’ என்று வந்தால் ஒருவரும் தொட மாட்டார்கள். தொட்டியில் இருக்கும் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும்.

அந்தச் சொல்லை இந்த முறை போஜன் தலையில் கட்டியிருந்தார் மதாம்.

“உங்க வார்த்தைதான் கடைசி. நான் மாத்த மாட்டேன்” என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

போஜன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வாசலில் ஒரு ஸ்டூலில் தேசிங்கு உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் முழங்கால்களுக்கு நடுவே. வெயில் மேலே ஏறியும் இடம் மாறி உட்காரத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார் போஜன். பார்த்தாயிற்று.

“மதாம், தேன் போட்டா இனிக்கணுமில்லீங்களா?”

“எதுக்கு இனிக்கணும்?”

“தேனாச்சே.”

“அந்த இனிப்பத்தான் ஈஸ்ட் சாப்பிட்டாச்சே சார். அது சாப்பிட்டாத்தான் பீரே உண்டு.”

“அப்ப மிச்சம் என்னதானுங்க இருக்கும்?”

மதாம் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கல்யாண வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம் கூடத்துல என்ன மிச்சமிருக்கும்?”

போஜன் யோசித்தார். எச்சில் இலை என்று சொல்ல வந்தார். மதாமின் முகத்தைப் பார்த்து அதை அடக்கிக்கொண்டார்.

“மலிவுச் சரக்குங்க மதாம்” என்றார் கடைசியில். “இந்த விலைக்கு நல்ல தேன் போட முடியாது. போட்டிருந்தாலும் பேருக்கு ஒரு சொட்டு போட்டிருப்பாங்க. நான் தேன் எடுக்கிற மலையில பொறந்தவனுங்க. என்னை ஏமாத்த முடியாது.”

“விலையை நாக்கு சொல்லுச்சா, காது சொல்லுச்சா?”

போஜனுக்குச் சுருக்கென்றது.

மதாம் மேஜைக்கு வந்தார். டம்ளரின் வெளிப்பக்கம் பனித்துளி பூத்திருந்தது. அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருவில் ஒருவன் மீன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தேய்ந்து மறைந்தது. பனித்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வழிந்து, காய்ந்துபோயின.

டம்ளரைப் போஜனிடம் நீட்டினார்.

“இப்பப் பாருங்க.”

போஜன் முகர்ந்தார். வாயில் விட்டார். உருட்டினார். இடது பக்கம் திரும்பித் துப்பினார்.

“இப்ப கொஞ்சம் தேவலைங்க. ரொட்டியோட கருகல் ஓரம் மாதிரி ஒரு வாசம். அடியில சின்னதா கசப்பு. ஆனா ருசி சட்டுனு முடிஞ்சு போயிடுது.”

“சட்டுனு முடிஞ்சு போயிடுது” என்றார் மதாமும்.

“ஆமாங்க.”

“போன வாரம் கறுப்பு பீர் குடுத்தேன். அதுக்கு என்ன சொன்னீங்க?”

“அதுவும் சட்டுனு முடிஞ்சுதுங்க.”

“அதுக்கு முன்னாடி, கப்பல்ல வந்த பாட்டிலுக்கு?”

போஜன் நினைத்துப் பார்த்தார். “அதுக்கும் அதையேதானுங்க சொன்னேன்.”

“பாவம், உலகத்துல ஒருத்தனுக்கும் பீரை முடிக்கத் தெரியலை” என்றார் மதாம்.

அது கிண்டல் என்பது போஜனுக்குப் புரிந்தது. எதற்கான கிண்டல் என்றுதான் புரியவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. இந்த நாக்கு ஒருகாலத்தில் ராஜாவாக இருந்தது. இப்போது ஒரு மலிவு பீரின் முன்னால் திருதிருவென்று முழிக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால், கீழே உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு யார் பதில் சொல்வது?

“கடைசியா ஒரு தடவை பாக்கறேனுங்க” என்றார்.

ஒரு பெரிய மடக்கை வாயில் விட்டார். கண்ணை மூடினார். நாக்கின் நுனி, ஓரம், நடு என்று எல்லா இடத்துக்கும் அனுப்பித் தேடினார். தேன் இல்லை. தேன் இல்லவே இல்லை. கண்ணைத் திறந்து இடது பக்கம் திரும்பினார்.

படிக்கம் அங்கே இல்லை.

மதாம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“ம்! ம்ம்!” என்றார் போஜன்.

மதாம் திரும்பவில்லை. படியிறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

போஜன் எழுந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் கழுவிவிட்ட சிவப்புத் தரை. தொட்டி இல்லை, வாளி இல்லை. ஜன்னலுக்கு ஓடினார். நேர் கீழே தேசிங்கின் வழுக்கைத் தலை. மேஜையில் இருந்ததெல்லாம் மதாம் துடைத்து வைத்த டம்ளர்கள். அவற்றில் துப்ப மனசு வரவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, நடு அறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வேறு வழி இருக்கவில்லை.

விழுங்கினார்.

பீர் தொண்டைக்குள் இறங்கியது. அப்பாடா என்று மூக்கு வழியே மூச்சு விட்டார்.

அந்த மூச்சில் வந்தது தேன்.

நாக்கில் இல்லை. தொண்டைக்குப் பின்னாலிருந்து மேலே ஏறி, மூக்கின் உட்பக்கம் நிறைந்தது. இனிப்பே இல்லாத தேன் வாசம். பூவும், மெழுகும், கடைசியில் ஒரு மெல்லிய கசப்பும். போய்விட்டது என்று நினைத்தார். அடுத்த மூச்சிலும் இருந்தது. அதற்கடுத்த மூச்சிலும்.

போஜன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. கடைசி வரை வந்துவிட்டு, கடைசிக்கு ஒரு விரல் தூரத்தில் எத்தனை கோப்பை டீயைத் துப்பியிருப்பார்! எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பயந்து நிறுத்திக்கொண்டார்.

பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

தேசிங்கு சட்டென்று எழுந்தார். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

“இன்னா சார், சாக்கடையில ஊத்திடவா?”

“நாவல் பூத் தேனுங்களா?” என்று கேட்டார் போஜன்.

தேசிங்கு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமா சார். எப்டி சார் கண்டுபுடிச்சீங்க? கசக்குதுன்னு ஒருத்தரும் வாங்கலையாம். அதான் எனக்கு மலிவா கெடைச்சுது. மோந்து பாத்தேன், வுட மனசு வரலை.”

“வுடாதீங்க.”

வாசல் குழாயடியில் மதாம் குனிந்து படிக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். வெயிலில் தகதகவென்று மின்னியது.

“அப்போ என்ன எழுதட்டும் போஜன் சார்?”

“தேன் இருக்குன்னு எழுதுங்க மதாம். பீர் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கு. அதையும் எழுதுங்க.” தேசிங்கைப் பார்த்தார். “அடுத்த தடவை தானியத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. தேன்ல கை வைக்காதீங்க.”

தேசிங்கு தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். விழுந்த ஸ்டூலை எடுத்து நிறுத்தி, அதில் உட்காராமல் அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“முடிவு?” என்று கேட்டார் மதாம்.

போஜன் பதில் சொல்ல வாயெடுத்தார். மூச்சு வெளியே வந்தது. தேன் இன்னும் இருந்தது.

“இன்னும் முடியலீங்க” என்றார்.

மதாம் படிக்கத்தைத் துடைத்து அவரிடம் நீட்டினார். போஜன் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“மதாம், இங்க பக்கத்துல டீ எங்கீங்க கிடைக்கும்?”