பூங்கோதை டீச்சரின் மேக்னெட்

குருவுக்கு முப்பத்தேழு வயது, சிஷ்யைக்கு நாற்பத்தாறு. மதுரைக்குத் தெற்கே இருந்த அந்த வேதியியல் ஆய்வகத்தில் இதை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. பூங்கோதை பத்தொன்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள். அந்த வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தாள். வழிகாட்டி நைனா முகமது முதல் நாளே அவளை "வாங்க டீச்சர்" என்றார். அவள் "சார்" என்றாள். நாலு வருடமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு ஜெல். மூளையில் அரிதாக வரும் ஒரு வகைக் கட்டி உண்டு. அறுத்து எடுத்த பிறகும் ஓரங்களில் மிச்சம் நின்று மறுபடி வளரும். எடுத்த குழியில் இந்த ஜெல்லை நிரப்பினால், அது அங்கேயே உறைந்து, தனக்குள் இருக்கும் மருந்தை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட வேண்டும். அதுதான் கணக்கு.

ஆனால் சோதித்துப் பார்க்க அந்தக் கட்டியின் செல்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பிள்ளையின் செல்கள். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் சங்கரபாண்டியனின் மகள் சிவதர்ஷினி. ஒன்பதாம் வகுப்பு படித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். அவளிடமிருந்து எடுத்ததைப் பத்துக் குப்பிகளில் உறைய வைத்திருந்தார்கள். ஐந்து தீர்ந்து, ஐந்து மிச்சம் இருந்தன.

சங்கரபாண்டியன் மாதம் தவறாமல் போன் செய்வார்.

"பாப்பாவோட செல்லு எப்படி இருக்குங்க டீச்சர்?"

ஹாஸ்டலில் விட்ட பிள்ளையை விசாரிப்பது போலத்தான் கேட்பார். அவளும் அப்படியே பதில் சொல்வாள்.

போன மாதம் நல்ல சேதி இருந்தது. மூன்று முறை வைத்துப் பார்த்ததில் மூன்று முறையும் மருந்து கலந்த ஜெல்லில் செல்கள் செத்திருந்தன. மருந்தில்லாத வெறும் ஜெல்லில் பிழைத்திருந்தன. பூங்கோதையால் வாயைக் கட்ட முடியவில்லை.

"மருந்து கேக்குதுங்க ஐயா. பாப்பாவால ஒரு வழி பிறக்கப்போகுது."

அந்தப் பக்கம் அவர் வெகுநேரம் அழுதார். அவளும் அழுதாள்.

கட்டுரை தயாரானது. சிவதர்ஷினிக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். பூங்கோதை போட்டாள். எப்போதும் கடைசி வரை இழுத்தடிக்கும் நைனா முகமதுகூட இந்தத் தடவை சந்தோஷத்தில் முன்னாலேயே போட்டுவிட்டார். மூன்று கையெழுத்தோடு பச்சை ஃபைல் மேசை மேல் காத்திருந்தது.

பாக்கி இருந்தது ஒரே ஒரு சடங்கு. கட்டுரை வெளியே போகுமுன் வேறொருவர், செய்முறை எழுதிய நோட்டை மட்டும் பார்த்து, அந்தப் பொருளைச் செய்து காட்ட வேண்டும். முதலில் செய்தவர் பக்கத்து ஸ்டூலில் கையைக் கட்டி உட்கார வேண்டும். மூச்சு விடலாம், வாய் திறக்கக் கூடாது. அந்த ஆய்வகத்தில் இதற்கு விலக்கு கிடையாது.

செலஸ்டின் என்ற ஆராய்ச்சி மாணவி செய்தாள். ஒரு குப்பியை உருக்கி, செல்களை வளர்த்து, அவள் செய்த மருந்து ஜெல்லை வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் செல்கள் சௌக்கியமாக இருந்தன.

இரண்டாம் தடவையும் செய்தாள். இன்னொரு குப்பி போனது. அப்போதும் அவை சாகவில்லை.

பூங்கோதை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இது கைப்பக்குவம் சார். ஒரே மாவுதான், எல்லார் கைக்கும் முறுக்கு ஒரே மாதிரியா வருது?"

"வராதுதான்" என்றார் நைனா முகமது. "அப்போ ஆஸ்பத்திரிக்கு ஜெல்லோட உங்க கையையும் பார்சல் பண்ணிடலாமா டீச்சர்?"

அவள் சிரிக்கவில்லை.

"சரி, நீங்க செய்யுங்க. நான் ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன்."

கையைக் கட்டி உட்கார்ந்தார். அவள் எடைபோட்டாள், கரைத்தாள், சூடேற்றினாள். ஒன்றும் தப்பில்லை. பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்தாள். உள்ளே வெள்ளை உறை போட்ட சின்னக் காந்தம், ஒரு விரல்கணு நீளம். கரைசலுக்குள் போட்டு, அடியில் இருக்கும் இயந்திரத்தை ஓட்டினால் சுழன்று கலக்கும். ஆய்வகத்தில் எல்லோரும் அதை மேக்னெட் என்பார்கள்.

வாய் திறக்கக் கூடாதென்ற விதியை அவரே மீறினார்.

"அது என்ன டீச்சர், பையில?"

"என் மேக்னெட் சார். நான் சேர்ந்த அன்னைக்குப் பழைய டிராயர்ல கிடைச்சது. இதைப் போட்டுத்தான் முதல் ஜெல் சரியா வந்துச்சு. ராசியானது. வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு பையிலயே வச்சிருக்கேன்."

"நோட்டுல எழுதலையே?"

"இதைப் போய் எழுதுவாங்களா?"

அவர் நோட்டைப் புரட்டினார்.

"மருந்து ஜெல்லுக்கு இதைப் போட்டீங்க. வெறும் ஜெல்லுக்கு?"

"டப்பாவில இருக்கிற ஏதாவது ஒண்ணை..."

சொல்லி முடிக்கவில்லை. அவள் மேக்னெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெள்ளை உறையில் ஒரு கீறல். கீறலுக்குள் மை தீற்றியது போல ஒரு கருப்பு. யாரோ ஒரு பழைய மாணவர் எதையோ கலக்கியபோது ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை கழுவியும் போகாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

"வெறும் ஜெல்லை இதுல கலக்கிப் பாப்போம்" என்றார்.

"வேற ஏதாவது செல்லுல பாக்கலாமே சார். இருக்கிறதே மூணு குப்பி. வெறும் ஜெல்லுக்குப் போய் பாப்பாவோட செல்லையா?"

"எது செத்துச்சோ, அதுகிட்டதானே டீச்சர் கேக்கணும்?"

வைத்தார்கள். பக்கத்துத் தட்டில் நல்ல மூளைச் செல்கள் கொஞ்சத்துக்கும் அதே ஜெல்லை வைத்தார்கள். மருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை இரண்டு தட்டிலும் ஒன்றுகூடப் பிழைத்திருக்கவில்லை. கீறலில் இருந்த கருப்பைச் சோதித்ததில் அது உலோகம் என்று வந்தது. கொன்றது மருந்தல்ல.

பூங்கோதை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் அடுத்த காரியத்தைப் பார்க்க வேண்டும். மறுநாள் சிவதர்ஷினியின் இரண்டாம் நினைவு நாள். சங்கரபாண்டியன் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அவர்கிட்ட நீங்க பேசுங்க சார்."

"போன்ல சொன்னது யாரு?"

"நான்தான்."

நைனா முகமது தன் அறையிலிருந்து கை வைத்த நாற்காலியைத் தானே தூக்கி வந்து அவள் மேசைக்கு எதிரே போட்டார். துடைத்தும் வைத்தார்.

மறுநாள் சங்கரபாண்டியன் வந்தார். ஒரு கையில் சாத்தூர் சேவுப் பொட்டலம், மறு கையில் சுருட்டிய தினசரி காலண்டர். துவைத்த வெள்ளைச் சட்டை. அந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்த மருந்துக்குப் பேரு வச்சாச்சுங்களா?"

பூங்கோதை வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருடம் வகுப்பில் நின்று பேசிய வாய் அது. ஒரு வாக்கியத்துக்குத் திண்டாடியது.

"ஐயா, நான் போன்ல சொன்னது தப்பு. மருந்து கேக்கலை. நான் கலக்கின காந்தத்துல ஏதோ உலோகம் ஒட்டியிருந்திருக்கு. அதுதான் செல்லைக் கொன்னிருக்கு. நல்ல செல்லையும் கொல்லுது. நான் அதைக் கவனிக்கலை. சரியாப் பாக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் கையில் இருந்த காலண்டரைப் பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே டீச்சர். அவ படிச்ச பள்ளிக்கூடத்துலகூடச் சொன்னேன்."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"எத்தனை குப்பிங்க மிச்சம்?"

"ரெண்டு."

"பத்து இருந்துச்சு."

"ஆமாங்க."

மேசை மேல் பச்சை ஃபைல் திறந்து கிடந்தது. கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்துகள். சங்கரபாண்டியன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்துக்காரர், எழுத்தைத் தலைகீழாகவும் படிப்பார். பிறகு அவளை விட்டுவிட்டு, கதவோரம் நின்றுகொண்டிருந்த நைனா முகமதைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ எம் பொண்ணு கொடுத்த எட்டும் வீணாங்க சார்?"

நைனா முகமது வந்து, மூன்று கையெழுத்துகளின் மேலும் விரலை ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது டீச்சர். இது பெரிய டாக்டர். இது நான். மூணு பேரும் சரின்னு போட்டுட்டோம். அடுத்த பிள்ளையோட தலைக்கு இது புறப்பட்டுப் போக இருந்துச்சு ஐயா. உங்க பொண்ணு மட்டும்தான் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டா."