கொட்டாவிப் பூதமும் இமையில்லாப் பூதமும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, பூதங்களெல்லாம் காட்டை விட்டுச் சீட்டுக்கட்டுக்குள்ளே குடிவந்திருந்த காலத்திலே, மஞ்சணாபுரின்னு ஒரு தேசம் இருந்தது.

அந்தத் தேசத்து ராஜாவுக்குப் பூதச் சீட்டுன்னா உயிர். ராஜாவுக்கே உயிர்னா ஜனங்களுக்குக் கேட்கணுமா? ஒவ்வொரு சீட்டிலேயும் ஒரு பூதம் வரைஞ்சிருக்கும். மூலையிலே அதோட பலம் எழுதியிருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சீட்டைப் போடணும். போட்டதும் பூதம் புகையாக் கிளம்பி, ஆளா எழுந்து நிக்கும். ரெண்டும் மோதும். எது கண்ணை மூடுதோ அது தோத்தது. கையிலே இருக்கிற சீட்டு தீர்ந்தா ஆட்டம் தீர்ந்தது.

ஆட்டம் முடிஞ்சதும் ஒரு வழக்கம் உண்டு. சீட்டைக் குப்புறப் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்தி, "போதும் சாமி, படுத்துக்கோ"ன்னு சொல்லணும். பூதமானாலும் தூங்க வேண்டாமா?

அந்த ஊர்ச் சீட்டுப் பட்டறையிலே பசை தடவுறவ மரிக்கொழுந்து. புளியங்கொட்டையை இடிச்சுக் காய்ச்சின பசை. மூணு தாளை ஒட்டி, மூணு பூச்சுப் பூசி, வெயில்லே காயவெச்சா அட்டை. அவ யார்கூடவும் அதிகம் பேச மாட்டா. யாராவது பேர் கேட்டாக்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவா. இடுப்பிலே ஒரு வயசுப் பொண்ணு பூவரசி. புருஷன் பட்டறைக்குத் தண்ணி சுமக்கிறவன். ஒரே நடையிலே நாலு குடம் தூக்கிட்டு வருவான், ஒரு சொட்டு சிந்தாது. அவன் பேரு... இருங்க, அதை அவளே சொல்லட்டும்.

அதே ஊரிலே சண்டகோரன்னு ஒரு மந்திரவாதி. தேசத்திலேயே பலமான பூதச் சீட்டெல்லாம் அவன்கிட்டேதான். எப்படி வந்ததுன்னு கேட்கிறீங்களா? நல்ல பலசாலியாப் பார்ப்பான். "தம்பி, இந்த வெத்துச் சீட்டைக் கொஞ்சம் பிடி"ம்பான். பிடிச்சவன் சீட்டுக்குள்ளே. வெளியே வரும்போது பூதமாத்தான் வருவான்.

மூணு மாசத்துக்கு முன்னாடி, நாலு குடத்தையும் இறக்கிவெச்சிட்டு, மரிக்கொழுந்தோட புருஷனும் ஒரு சீட்டைப் பிடிச்சான். குடம் மட்டும் கிணத்தடியிலே நின்னுச்சு.

"ஆளைத் திருப்பிக் கொடு"ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சண்டகோரன் ஒரே பதில் சொன்னான்: "ஆடி ஜெயிச்சா கொடுக்கிறேன். தோத்தா நீயும் சீட்டு." ஆடினவங்க எல்லாம் தோத்தாங்க. ராஜாவே ஆடித் தோத்து, தனக்குப் பதிலாக் கொடுத்த பட்டத்து யானை இப்போ பலம் ஐந்நூறுன்னு அவன் கட்டிலே கிடக்கு. அப்புறம் ராஜா எங்கே அவனை அதட்டுறது?

ஒரு நாள் சண்டகோரன் பட்டறைக்கு வந்தான். தலைப்பாகையைச் சுத்திலும் சீட்டைச் செருகியிருந்தான், ஊரெல்லாம் பார்க்கட்டும்னு. ரெண்டு சீட்டை உருவி மரிக்கொழுந்து முன்னாடி போட்டான்.

"ஓரம் பிரிஞ்சிருக்கு. ஒட்டிக் கொடு."

ஒண்ணு எரிவாய்ப் பூதம், பலம் எண்ணூறு. இன்னொண்ணு கல்தோள் பூதம், பலம் தொள்ளாயிரம். ஒட்டும்போது மரிக்கொழுந்து பார்த்தா, ரெண்டு பூதத்துக்கும் கண்ணு செக்கச்செவேல்னு இருக்கு. அந்தக் கண்ணு அவளுக்குத் தெரியும். பல்லு முளைக்கிறப்போ பூவரசிக்கு இருந்த அதே கண்ணு. தூக்கம் வரும், தூங்க முடியாது.

அவளுக்கு எங்கிருந்துதான் வாய் வந்துச்சோ. "ஐயா, இதுகளைப் படுக்கப் போடுறதில்லையா?"

"படுக்கவா?" சண்டகோரன் சிரிச்சான். "தூங்கினா கனா வரும். கனா வந்தா வீட்டு ஞாபகம் வரும். வீட்டு ஞாபகம் வந்தா எனக்கு எவன் சண்டை போடுவான்? பேசாமப் பசையைத் தடவு!"

அவ பேசாமப் பசையைத் தடவினா. ஆனா உள்ளுக்குள்ளே ஒரு கதவு திறந்துக்கிச்சு.

அன்னைக்கு மதியமே, ஓரம் வெட்டின துண்டுகளைப் பொறுக்கினா. மூணு துண்டை ஒட்டினா. மூணு பூச்சுப் பூசினா. மடியிலே படுத்திருந்த பூவரசி வாயைப் பெரிசாத் திறந்து ஒரு கொட்டாவி விட்டா. அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே வரைஞ்சா. குண்டுக் கன்னம், ரெண்டே பல்லு முளைச்ச வாய், மூக்குக்கு மேலே ரெண்டு சுருக்கம். மூலையிலே எழுதினா: கொட்டாவிப் பூதம், பலம் ஒண்ணு.

மறுநாள் காலையிலே சபையிலே போய் நின்னா, இடுப்பிலே பூவரசியோட.

"என் வீட்டுக்காரரை மீட்க ஆடணும் மகாராஜா."

அமைச்சர் அவ சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, பாதிதான் இருக்கு?"

"வெட்டின துண்டுலே செஞ்சது சாமி. மூணு தாள், மூணு பூச்சு, ஒரு பூதம். சட்டப்படி சரிதானே?"

"சரிதான். மத்தச் சீட்டெல்லாம் எங்கே?"

"இது ஒண்ணுதான்."

சபையே சிரிச்சுது. சண்டகோரன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "உன்னையும் சீட்டாக்கினா பலம் என்ன போடுறது பசைக்காரி? கால் போடட்டுமா, அரைக்கால் போடட்டுமா?"

"ஆடிப் பார்த்துட்டுப் போடுங்க ஐயா"ன்னா மரிக்கொழுந்து. தரையைப் பார்த்துத்தான் சொன்னா. ஆனா சொன்னா.

ராஜா கையைத் தூக்கினார். "ஆட்டம் முடியிற வரைக்கும் ஆடுறவங்க ரெண்டு பேரைத் தவிர எவனும் வாய் திறக்கக் கூடாது!"

சண்டகோரன் முதல் சீட்டைப் போட்டான். எரிவாய்ப் பூதம் பனை உசரத்துக்கு எழுந்து நெருப்பு கக்கிச்சு. மரிக்கொழுந்து தன் சீட்டைப் போட்டா. ஒரு முழ உசரத்துக்கு எழுந்த கொட்டாவிப் பூதம், எரிவாயை நிமிர்ந்து பார்த்து, "ஆ...வ்" அப்படின்னு ஒரு கொட்டாவி விட்டுச்சு.

எரிவாய்க்கும் வாய் தானாத் திறந்துச்சு. நெருப்பு வரலே, கொட்டாவி வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது கொட்டாவிக்கு அப்படியே சுருண்டு படுத்துக் குறட்டை விட ஆரம்பிச்சுது. "அம்மா, கொஞ்சம் மோர் ஊத்து"ன்னு தூக்கத்திலே முனகிச்சு.

சண்டகோரனுக்கு முகம் சுண்டிப்போச்சு. ரெண்டாவது சீட்டைப் போட்டான். கல்தோள் பூதம் எழுந்து தரையை மிதிச்சுது. தூணெல்லாம் ஆடுச்சு. கொட்டாவிப் பூதம் வாயைத் திறந்துச்சு.

"அதைப் பார்க்காதே! கண்ணை மூடிக்கோ!"ன்னு சண்டகோரன் கத்தினான்.

எஜமான் சொன்னா தட்ட முடியுமா? கல்தோள் கண்ணை மூடிச்சு. மாசக்கணக்கா மூடாத கண்ணு. மூடினது திறக்கவே இல்லை. நின்னபடியே குறட்டை.

அமைச்சர் சிரிப்பை அடக்கிக்கிட்டு ரெண்டு விரலைக் காட்டினார்.

சண்டகோரன் எழுந்தே நின்னுட்டான். தலைப்பாகை உச்சியிலே இருந்த சீட்டை உருவினான். "இதுக்கு உன் கொட்டாவி பலிக்காது. இமையை நானே அழிச்சுட்டேன்!"

இமையில்லாப் பூதம், பலம் ஆயிரம். மலை மாதிரி எழுந்து நின்னுச்சு. கண்ணு ரெண்டும் தட்டு மாதிரி விரிஞ்சே இருந்துச்சு. கொட்டாவிப் பூதம் ஒரு கொட்டாவி விட்டுச்சு, ரெண்டு விட்டுச்சு, மூணு விட்டுச்சு. ஒண்ணும் நடக்கலே. இமை இருந்தாத்தானே மூட? இமையில்லாப் பூதம் குனிஞ்சு, குட்டிப் பூதத்தைப் பொத்துனாப்பிலே கைக்குள்ளே எடுத்துச்சு. இன்னொரு கையாலே இடது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சுக்கிச்சு.

மரிக்கொழுந்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கணக்குப் புரியலேன்னா, வழி தெரியலேன்னா, பொண்ணு அழுதா, இடது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சுக்கிறவன் ஒருத்தன்தான் இருக்கான் இந்த உலகத்திலே.

"என்னங்க!"ன்னு கூப்பிட்டா.

சபையிலே பாதி ஆம்பளைங்க திரும்பிப் பார்த்தாங்க. பூதம் பார்க்கலே.

"பூவரசியோட அப்பா!"ன்னு கூப்பிட்டா.

பூதம் தலையைச் சாய்ச்சுது. காதைச் சொறிஞ்சுது. குட்டிப் பூதத்தை இறுக்க ஆரம்பிச்சுது. கொட்டாவிப் பூதத்தோட கண்ணு மெதுவாச் சொருகிச்சு.

சண்டகோரன் குனிஞ்சு அவ காதோரம் சொன்னான்: "இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கு. ஆனா அதைச் சொல்ல உன் நாக்குக்கு வராது. இந்தத் தேசத்திலே எந்தப் பொண்டாட்டி சொல்லியிருக்கா?"

நிஜம்தான். மஞ்சணாபுரியிலே புருஷன் பேரைப் பொண்டாட்டி சொன்னதே இல்லை. சொன்னா அவன் ஆயுசு குறையும்பாங்க. மரிக்கொழுந்து ஒரு மூச்சு யோசிச்சா. சொன்னா ஆயுசு குறையுமாம். சொல்லாட்டி ஆயுசு முழுக்க அட்டைக்குள்ளேதானே?

அவ தரையைப் பார்க்கலே. நிமிர்ந்து, அந்த ரெண்டு பெரிய கண்ணையும் நேராப் பார்த்தா.

"தவசி!"

பூதத்தோட கை நின்னுச்சு.

"தவசி!"

கண்ணுக்கு மேலே, அழிச்ச இடத்திலே, மெல்லிசா இமை முளைச்சுது.

"தவசி! நாலு குடமும் கிணத்தடியிலேயே இருக்கு. வீட்டுக்கு வா!"

இமையில்லாப் பூதம் முதல் தடவையாக் கண்ணை மூடிச்சு. திறந்தப்போ அங்கே பூதம் இல்லை. தவசி நின்னான், கையிலே பத்திரமாக் குட்டிக் கொட்டாவிப் பூதம்.

"என்ன மரிக்கொழுந்து," காதைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டான், "எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

அவ்வளவுதான், ஒருத்தன் ஆளாத் திரும்பினதும் மொத்த மாயமும் உடைஞ்சுது. தலைப்பாகையிலே இருந்த சீட்டெல்லாம் படபடன்னு பறந்து, ஒவ்வொண்ணிலே இருந்தும் ஒரு ஆள் குதிச்சான். எரிவாய் ஒரு கொல்லனா எழுந்தான், கல்தோள் ஒரு கல்தச்சனா எழுந்தான். தோத்துச் சீட்டானவங்க எல்லாரும் வந்தாங்க. கடைசியாப் பட்டத்து யானை வந்து விழுந்ததிலே சிம்மாசனம் நொறுங்கிச்சு.

"ஓடாதே, என் சீட்டே!"ன்னு சண்டகோரன் பாய்ஞ்சு ஒண்ணைப் பிடிச்சான். அது வெத்துச் சீட்டு. வெத்துச் சீட்டைப் பிடிச்சா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியாதா? ஆத்திரத்திலே மறந்துட்டான்.

தரையிலே கிடந்த அந்தச் சீட்டை மரிக்கொழுந்து எடுத்தா. குப்புறப் போட்டா. முந்தானையிலே கொஞ்சம் கிழிச்சுப் போர்த்தினா. "போதும் சாமி, படுத்துக்கோ"ன்னா.

ராஜா உடைஞ்ச சிம்மாசனத்துப் பக்கத்திலே நின்னுக்கிட்டு, "என்ன வேணும் கேளம்மா, பாதி ராஜ்யம் தரட்டுமா?"ன்னார்.

"அதை யார் பெருக்கித் துடைக்கிறது மகாராஜா? வெட்டுற துண்டெல்லாம் எனக்குன்னு எழுதிக் கொடுங்க. பூதத்தைப் படுக்கப் போடாதவன் இனிமே ஆட்டத்துக்கு உட்காரக் கூடாது. அவ்வளவுதான்."

அப்படியே ஆச்சு. அவ செஞ்ச துண்டுச் சீட்டுக்கு ஏழு தேசத்திலே இருந்து ஆள் வந்து நின்னாங்க. விக்கல் பூதம், கிச்சுக்கிச்சுப் பூதம், தும்மல் பூதம். எல்லாத்துக்கும் பலம் ஒண்ணுதான். எதையும் எவனும் ஜெயிச்சதில்லை.

தவசியோட ஆயுசா? குறையவே இல்லை. தொண்ணூறு வயசிலேயும் நாலு குடம் தூக்கினான். அதைப் பார்த்து மஞ்சணாபுரிப் பொம்பளைங்க எல்லாரும் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. முதல் ஒரு வாரம் ஆம்பளைங்க எல்லாரும் திடுக்குத் திடுக்குன்னு திரும்பினாங்க. அப்புறம் பழகிடுச்சு.

அந்தச் சபையிலே இருந்து வீட்டுக்குத் திரும்புற வழியிலே பூவரசி முதல் முதலா ஒரு வார்த்தை பேசினா. அம்மான்னு சொல்லலே. அப்பான்னும் சொல்லலே.

அப்பா தோளிலே உட்கார்ந்து, அவன் இடது காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னா:

"தவதி!"